கொடிக்குக் காவல் யார்? கம்ப்யூட்டர் போர்க்களத்தில் பதினைந்து பேர் படும் பாடு

இன்னும் நாலே நிமிடம் தாக்குப் பிடித்தால் வெற்றி!

பதினைந்து பேர் கொண்ட படை அது. குதிரை லாயம் அவர்கள் வசம். மர ஆலை அவர்கள் வசம். நடுவில் இருக்கும் கொல்லன் பட்டறையும் அவர்கள் வசம்தான். எதிரிகளிடம் இருப்பவை பண்ணையும் தங்கச் சுரங்கமும் மட்டுமே. இந்தப் பக்கம் 1,600 புள்ளிகள். அந்தப் பக்கம் 1,500. முதலில் 2,000 எடுப்பவருக்கு வெற்றி.

அந்த நேரம் பார்த்து, பட்டறைக்குப் பக்கத்துப் பாலத்தில் சண்டை மூண்டது. லாயத்தில் கொடிக்குக் காவல் நின்றவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "எல்லோரும் அங்கே சண்டை போடுகிறார்கள், நான் மட்டும் இங்கே எதற்கு?" என்று குதிரையைத் தட்டிவிட்டார்.

கண்ணில் படாமல் நடக்கும் வித்தை தெரிந்த எதிரி ஒருவன், வெகு நேரமாகப் புதர் ஓரத்தில் காத்திருந்தான். காவல் அகன்றதும் கொடியைத் தொட்டான். பத்து விநாடிகள் தடுப்பார் இல்லை. ஒரு நிமிடம் மீட்பார் இல்லை. லாயம் கை மாறியது. ஐந்து நிமிடம் கழித்து ஆட்டமும் கை மாறியது!

அதற்குப் பிறகு நடந்ததுதான் உண்மையான சண்டை. "மருத்துவம் பார்க்க வேண்டியவன் தூங்கிவிட்டான்" என்றார் ஒருவர். "படைக்குத் தலைவன் சரியில்லை" என்றார் இன்னொருவர். பதினைந்து பேரும் ஒருவரை ஒருவர் திட்டித் தீர்த்தார்கள். லாயத்தை விட்டு வந்தவரும் சேர்ந்து திட்டினார்!

இது ஏதோ ஒரு நாள் நடந்த கதை அல்ல. 2005-ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் கம்ப்யூட்டர் திரைகளில் நாள் தவறாமல் நடந்து வரும் கதை.

போர்க்களம் பிறந்த கதை

'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்பது அந்த விளையாட்டின் பெயர். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து இர்வைன் நகரில் உள்ள பிளிசார்ட் கம்பெனி, 2004-ஆம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி அதை வெளியிட்டது. மாதம் சுமார் 15 டாலர் சந்தா. 2010-ஆம் ஆண்டு அக்டோபரில் சந்தாதாரர் எண்ணிக்கை 1 கோடியே 20 லட்சத்தைத் தொட்டது. 2023-ஆம் ஆண்டு அக்டோபரில் மைக்ரோசாப்ட், பிளிசார்டையும் அதன் தாய்க் கம்பெனியையும் சுமார் 6,900 கோடி டாலர் கொடுத்து வாங்கிக் கொண்டது.

மந்திரவாதிகள், குள்ளர்கள், அரக்கர்கள், காட்டு தேவதைகள் எல்லாம் நிறைந்த மாய உலகம் அது. நம் ஊர் விக்கிரமாதித்தன் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் தோன்றாது. அந்த உலகில் இரண்டே அணிகள். ஒன்று அலையன்ஸ், மற்றொன்று ஹோர்ட். இரண்டுக்கும் தீராப் பகை.

தொடக்கத்தில் இந்தப் பகைக்கு ஒரு கணக்குவழக்கு இல்லை. சவுத்ஷோர், டேரன்மில் என்ற இரண்டு பக்கத்து ஊர்களுக்கு இடையே ஆட்டக்காரர்கள் தாமாகவே கூடி அடித்துக் கொண்டார்கள். இன்று இந்தப் பக்கம் துரத்தினால் நாளை அந்தப் பக்கம் துரத்தும். வென்றவர் யார், தோற்றவர் யார் என்று சொல்ல ஆள் இல்லை. இதற்கு ஒரு முறை வேண்டும் என்றுதான் 2005-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தனிப் போர்க்களங்களை ஏற்படுத்தினார்கள். எல்லை உண்டு, ஆள் கணக்கு உண்டு, வெற்றிக்கு விதி உண்டு.

நிஜமான ஆட்கள்தான் எதிரே இருப்பவர்கள். அவர்களில் கணக்கெழுதும் குமாஸ்தாவும் இருக்கலாம்; கல்லூரி மாணவரும் இருக்கலாம்; லாரி ஓட்டுபவரும் இருக்கலாம். வேலை முடிந்து வந்து உட்கார்ந்து, முகம் தெரியாத ஒன்பது பேருடனோ பதினான்கு பேருடனோ தோள் சேர்ந்து நிற்கிறார்கள். இருபது நிமிடத்துக்குப் பிறகு அவர்கள் யாரோ, இவர் யாரோ!

வெட்சியும் கரந்தையும்

முதலில் திறந்த களங்களில் ஒன்று வார்சாங் கல்ச். பக்கத்துக்குப் பத்துப் பேர். இரு அணிக்கும் ஒவ்வொரு கோட்டை. ஒவ்வொரு கோட்டையிலும் ஒரு கொடி. எதிரியின் கொடியைக் கவர்ந்து தம் கோட்டைக்குக் கொண்டு வர வேண்டும். மூன்று முறை கொண்டு வந்தால் வெற்றி.

பள்ளியில் தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு உடனே நினைவு வரும். ஆநிரை கவர்வது வெட்சி. கவர்ந்ததை மீட்பது கரந்தை. பசுக் கூட்டத்துக்குப் பதில் இங்கே கொடி. அவ்வளவுதான் வேறுபாடு!

ஆனால் ஒரு சிக்கலான விதி உண்டு. எதிரியின் கொடியோடு ஓடி வந்தால் மட்டும் போதாது. தம்முடைய கொடி தம் கோட்டையில் பத்திரமாக இருந்தால்தான் புள்ளி கிடைக்கும். இதை மறந்துவிட்டுப் பத்துப் பேரும் வெட்சிக்குக் கிளம்பினால், கரந்தைக்கு ஆள் இராது. இரண்டு அணியின் கொடியும் களவு போய், இரண்டு பேர் இரண்டு மூலையில் பதுங்கி நிற்க, ஆட்டம் அப்படியே நின்றுவிடும்.

கொடி ஏந்தியவர் பாடு பெரும்பாடு. அவர் குதிரை ஏற முடியாது. மறைந்து நடக்கும் வித்தையைப் பயன்படுத்தினால் கொடி நழுவி விழுந்துவிடும். கையில் இருக்கும் கொடியே எதிரிகளை வா வா என்று அழைக்கும். அவருக்கு முன்னால் ஒருவர் வழி விலக்க வேண்டும். பின்னால் இருவர் காயத்துக்கு மருந்திட வேண்டும். நடப்பது என்ன? கொடியோடு ஒருவர் தனியே ஓடி வருவார். மற்ற ஒன்பது பேரும் நடு மைதானத்தில், வெற்றிக்குச் சம்பந்தமே இல்லாத சண்டையில் மூழ்கிக் கிடப்பார்கள்!

குமாஸ்தாக்களின் களம்

கணக்குத் தெரிந்தவர்களுக்கு உகந்த களம் அராத்தி பேசின். 2005-ஆம் ஆண்டு செப்டம்பரில் வந்தது. பக்கத்துக்குப் பதினைந்து பேர், ஐந்து இடங்கள், ஐந்து கொடிகள். தொடக்கத்தில் சொன்ன காட்சி இந்தக் களத்தில் நடப்பதுதான்.

தொடக்கக் கால விதிப்படி கணக்கு இப்படி:

ஓர் இடம் கையில் இருந்தால் 12 விநாடிக்கு 10 புள்ளி. இரண்டு இடங்கள் என்றால் 9 விநாடிக்கு 10. மூன்று என்றால் 6 விநாடிக்கு 10. நான்கு என்றால் 3 விநாடிக்கு 10. ஐந்தும் கையில் இருந்தால் விநாடிக்கு 30 புள்ளி!

பேனாவும் காகிதமும் எடுத்துப் பார்க்கலாம். மூன்று இடங்களை விடாமல் பிடித்துக் கொண்டால் 20 நிமிடத்தில் 2,000 புள்ளி சேரும். அதே 20 நிமிடத்தில், இரண்டு இடம் வைத்திருக்கும் எதிரிக்கு 1,333 புள்ளிக்கு மேல் கிடைக்க வழியில்லை. ஆக, வெற்றிக்கு மூன்றே போதும்! நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் ஆசைப்பட வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் ஆசை யாரை விட்டது? மூன்று கைக்கு வந்ததும், "வாருங்கள், நாலாவதைப் பிடிப்போம்" என்று ஒரு குரல் எழும். பதினைந்து பேரில் பன்னிரண்டு பேர் அங்கே ஓடுவார்கள். பின்னால் இருக்கும் மூன்று இடங்களும் வெறிச்சோடிப் போகும். நாலாவதைப் பிடிப்பதற்குள் மூன்றில் இரண்டு பறிபோகும். இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்கப் போன கதைதான்.

இன்னொரு தவறு, வழியிலே சண்டை போடுவது. "கொடிக்குப் பக்கத்தில் சண்டை போடுங்கள், சாலையில் போடாதீர்கள்" என்பது இந்தக் களத்தின் பாலபாடம். இதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கே செத்தவர்கள் செத்தே போவதில்லை. இடுகாட்டில் ஒரு தேவதை இருக்கிறாள். அரை நிமிடத்துக்கு ஒரு தடவை, செத்தவர்களை எல்லாம் மொத்தமாக எழுப்பி விடுகிறாள். சாலையில் பத்து எதிரிகளை வெட்டிச் சாய்த்தாலும் அரை நிமிடத்தில் பத்துப் பேரும் எழுந்து வந்து நிற்பார்கள். புள்ளிப் பலகையில் ஒன்றும் ஏறியிராது.

கொடிக்குப் பக்கத்தில் நின்றால் கதை வேறு. கொடியை மாற்ற வருபவன், தொடக்கக் கால விதிப்படி, பத்து விநாடி கை எடுக்காமல் நிற்க வேண்டும். ஓர் அடி பட்டாலும் அவன் வேலை கெட்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரே ஓர் ஆள், சாகும் வரை அவனைத் தட்டிக் கொண்டே இருந்தால், உதவிக்கு ஆட்கள் வந்து சேர்ந்துவிடுவார்கள்.

மூன்றெழுத்துச் செய்தி

காவல்காரரிடம் இருக்கும் பெரிய ஆயுதம் வாள் அல்ல, மூன்று எழுத்து! ஆங்கிலத்தில் 'வருகிறார்கள்' என்பதைச் சுருக்கி 'இன்க்' என்று தட்டுவார்கள். அதோடு இடத்தின் பெயர், எதிரிகளின் எண்ணிக்கை. 'லாயம், வருகிறார்கள், மூன்று பேர்' என்ற தந்தி அது.

இந்தத் தந்தியைத் தட்டாமல், முதலில் வாளை உருவுபவர்கள்தான் அதிகம். "ஒருவன்தானே, நானே பார்த்துக் கொள்கிறேன்" என்று இறங்கி விடுவார்கள். அவன் பின்னால் இன்னும் இருவர் மறைந்து வருவது செத்த பிறகுதான் தெரியும். எண்ணிக்கை சொல்லாமல் வெறுமனே 'உதவி! உதவி!' என்று அலறுபவர்களும் உண்டு. எங்கே, எத்தனை பேர் என்று தெரியாமல் யார் போவார்கள்?

தந்தி அடித்தும் யாரும் வராவிட்டால்? அந்த வேதனையைச் சொல்லி முடியாது. மூன்று பேரைத் தனியாகச் சமாளித்து, மூன்று முறை செய்தி அனுப்பி, கடைசியில் விழுந்து கிடக்கும்போது, "லாயத்தில் இருந்தவன் என்ன செய்து கொண்டிருந்தான்?" என்று ஒரு கேள்வி வரும் பாருங்கள். அதைக் கேட்ட பிறகு அவர் மறுநாள் காவலுக்கு நிற்க மாட்டார்.

வைத்தியருக்கு முதல் அடி

படையில் எல்லோருக்கும் ஒரே வேலை அல்ல. அடி வாங்கத் தயாராகக் கவசம் பூண்டவர் உண்டு. தூரத்திலிருந்து மந்திரம் ஏவுபவர் உண்டு. காயத்தை ஆற்றும் பூசாரிகள் உண்டு. திறமையுள்ள எதிரி முதலில் தேடுவது இந்த வைத்தியரைத்தான். அவரை வீழ்த்திவிட்டால் மற்றவர்கள் தாமாக விழுவார்கள். ஆகவே வைத்தியரைச் சுற்றி இரண்டு பேர் நிற்பது யுத்த தர்மம். ஆனால் பெரும்பாலும் நடப்பது, வைத்தியர் நால்வரிடம் அடி வாங்கிச் சாக, பக்கத்தில் நிற்பவர் வேறு யாரையோ துரத்திக் கொண்டு ஓடுவதுதான். பிறகு, "எங்களுக்கு வைத்தியமே கிடைக்கவில்லை" என்று அவரே புகார் சொல்வார்!

இன்னொரு வேடிக்கை. மந்திரவாதி ஒருவர், எதிரிகளில் பலசாலியை ஆட்டுக்குட்டியாக மாற்றி விடுவார். கொஞ்ச நேரத்துக்கு அவனால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்குள் மற்றவர்களை முடித்து விடலாம். ஆனால் ஒரே ஓர் அடி பட்டாலும் ஆடு மறுபடி ஆளாகிவிடும். அதுவும் காயம் எல்லாம் ஆறிய முழு ஆளாக! கூட இருக்கும் அவசரக்காரர் ஒருவர் கண்ணில் அந்த ஆடு பட்டால் போதும். ஓடிப் போய் ஓங்கி ஒரு வெட்டு. மந்திரவாதி தலையில் அடித்துக் கொள்வதைத் தவிர வேறென்ன செய்வார்?

எல்லோரும் ஒரே எதிரியைக் குறிவைத்தால் ஐந்து விநாடியில் அவன் கதை முடியும். ஐந்து பேர் ஐந்து எதிரிகளைப் பிறாண்டினால் ஐந்து பேரும் உயிரோடு இருப்பார்கள். ஊர் கூடி இழுத்தால்தான் தேர் நகரும். ஆளுக்கொரு பக்கம் வடத்தை இழுத்தால் அச்சு முறியும்.

நாற்பது பேர் சண்டை

பெரிய களம் ஆல்ட்ராக் வேலி. பனி மலைப் பள்ளத்தாக்கு. பக்கத்துக்கு நாற்பது பேர். இரு முனையிலும் இரண்டு தளபதிகள். எதிரித் தளபதியைக் கொன்றால் வெற்றி.

முதல் ஆண்டுகளில் இங்கே ஓர் ஆட்டம் மணிக்கணக்கில் நடக்கும். நாள் முழுவதும் நீண்ட ஆட்டங்களும் உண்டு. காலையில் வேலைக்குப் போனவர், மாலையில் திரும்பி வந்து அதே போரில் மறுபடி சேர்ந்த கதைகளை அக்கால ஆட்டக்காரர்கள் இன்றும் ஆசையோடு சொல்வார்கள்.

நாளடைவில் ஓர் உண்மை புலப்பட்டது. எதிரியோடு மோதாமலே, அவர்களைத் தாண்டி ஓடி, நேரே தளபதியின் அறைக்குப் போய்விடலாம்! இரண்டு பக்கமும் இதைக் கண்டுகொண்டன. வழியில் இரு படைகளும் ஒன்றை ஒன்று கடந்து போகும்; யாரும் யாரையும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. போர் ஓட்டப் பந்தயமாகி விட்டது. 2007-ஆம் ஆண்டில் விதியைத் திருத்தி, ஒவ்வொரு படைக்கும் 600 என்று ஒரு கையிருப்பு வைத்தார்கள். ஆள் செத்தால் கையிருப்பு குறையும். கோபுரம் எரிந்தால் இன்னும் குறையும். தற்காத்து நிற்பதற்கு அதனால் கொஞ்சம் மதிப்பு வந்தது. ஆனாலும் ஓட்டப் பந்தயம் அடியோடு ஓயவில்லை.

முகம் மறைந்தது, நாக்கு நீண்டது

தொடக்கத்தில் ஒரே சர்வரைச் சேர்ந்தவர்கள்தான் களத்தில் சந்தித்தார்கள். ஒரே ஊர்க்காரர்கள் மாதிரி. இன்று சண்டையிலிருந்து ஓடினால் நாளை கடைத்தெருவில் பெயரைச் சொல்லிச் சிரிப்பார்கள். நல்ல வைத்தியர் என்று பெயரெடுத்தால் நாலு பேர் தேடி வருவார்கள். பெயருக்குப் பயந்து நடந்தார்கள்.

ஆனால் களத்தில் இடம் கிடைக்க வெகு நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அதைக் குறைக்க 2006-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பல சர்வர்களின் ஆட்டக்காரர்களை ஒரே களத்தில் சேர்த்தார்கள். காத்திருப்பு குறைந்தது. கூடவே பழக்கமும் குறைந்தது. இன்று உடன் நிற்பவரை இனி ஒருபோதும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்த பிறகு, நாக்குக்கு யார் பூட்டுப் போடுவது? தட்டிக் கேட்க ஆளில்லாவிட்டால் தம்பி சண்டப்பிரசண்டன்!

'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்பவர்களும் புகுந்தார்கள். தோற்றாலும் கொஞ்சம் வெகுமதி உண்டு என்பதால், ஆல்ட்ராக்கில் தொடக்கக் குகையிலேயே சும்மா நின்று காலம் கழித்தவர்கள் பலர். பின்னர், சும்மா நிற்பவரை மற்றவர்கள் சுட்டிக் காட்டினால் அவர் வெகுமதி நிற்கும் என்று விதி வந்தது. பாதியில் ஓடுபவருக்கு 'ஓடியவன்' என்ற முத்திரை. பதினைந்து நிமிடம் வேறு களத்தில் சேர முடியாது.

இதற்கு நேர்மாறாக, முன்கூட்டியே பேசி வைத்துக் கொண்டு பத்துப் பதினைந்து நண்பர்கள் ஒன்றாக வருவதும் உண்டு. காதில் ஹெட்போன், கையில் ஆளுக்கொரு வேலை. அவர்கள் எதிரே வந்தால், திடீரென்று சேர்ந்த கும்பல் ஐந்து நிமிடத்தில் நொறுங்கிவிடும். தனித்தனியே எடுத்துப் பார்த்தால் தோற்றவர்களும் சளைத்தவர்கள் அல்ல. சேர்ந்து நிற்கத் தெரிந்தவர்கள் வென்றார்கள், அவ்வளவுதான்.

உறக்கத்தை விழுங்கிய பதவி

வேதனையான அத்தியாயம் ஒன்றும் உண்டு. முதல் இரண்டு ஆண்டுகளில் பதினான்கு பதவிப் படிகள் இருந்தன. உச்சியில், அலையன்ஸ் அணிக்கு கிராண்ட் மார்ஷல். ஹோர்ட் அணிக்கு ஹை வார்லார்ட். இந்தப் பதவி திறமைக்குக் கிடைப்பது என்று நினைத்தால் தவறு. அந்த வாரம் மற்றவர்களை விட அதிகம் சண்டை போட்டவர் யார் என்பதே கணக்கு. ஒரு வாரம் ஓய்ந்தால் ஏறிய படியிலிருந்து சறுக்க நேரிடும்.

விளைவு? இரவு பகல் பாராமல் மாதக்கணக்கில் ஆடினார்கள். ஒருவர் உறங்கும்போது இன்னொருவர் அவர் பெயரில் ஆடினார். படிப்பும் வேலையும் கெட்டன. 2006-ஆம் ஆண்டு டிசம்பரில் கம்பெனியே அந்தப் பதவி முறையை எடுத்துவிட்டது. கையில் மிஞ்சியது ஒரு பட்டப் பெயரும், தீராத தூக்கமும்!

திட்டுபவர்கள் யார்?

வார்கிராஃப்ட் வரிசையில் 2002-ஆம் ஆண்டு வந்த மூன்றாம் விளையாட்டை வைத்து, ஆர்வலர்கள் 2003-இல் 'டிஃபென்ஸ் ஆஃப் தி ஏன்ஷியன்ட்ஸ்' என்ற களத்தை உருவாக்கினார்கள். அதன் வழியில் வந்தது, ரயட் கேம்ஸ் கம்பெனி 2009-இல் வெளியிட்ட 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்'. ஐந்து பேருக்கு ஐந்து பேர். இங்கே வசைமாரி பொழிந்ததால், அதற்கென்றே ஆராய்ச்சியாளர்களை அமர்த்தினார்கள். ஜெஃப்ரி லின் என்பவர் அவர்களில் முக்கியமானவர்.

அவர்கள் ஒரு சிறு மாற்றம் செய்து பார்த்தார்கள். எதிரணியோடு பேசும் வசதியை எடுக்கவில்லை. மூடி மட்டும் வைத்தார்கள். வேண்டுமென்றால் ஆட்டக்காரரே திறந்து கொள்ளலாம். பேச்சு ஏறக்குறைய முன்போலவே தொடர்ந்தது. ஆனால் கெட்ட பேச்சு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நல்ல பேச்சும் அதே அளவு கூடியது! வாயைத் திறப்பதற்கு முன் ஒரு கதவு இருந்தாலே போதும் என்று ஆயிற்று.

அதைவிட முக்கியமானது இன்னொரு முடிவு. எப்போதும் ஏசுவதையே வழக்கமாகக் கொண்டவர்கள் நூற்றுக்கு ஒருவர்தான். மொத்த வசையில் அவர்கள் பங்கு சுமார் ஐந்து சதவீதம் மட்டுமே. மீதியில் பெரும்பகுதி, மற்ற நாட்களில் நல்லபடியாக ஆடும் சாதாரண மனிதர்கள், ஏதோ ஒரு கெட்ட நாளில் கொட்டியது. ஆபீசில் மேலதிகாரியிடம் வாங்கிய ஏச்சை யார் மீது இறக்கி வைப்பது? முகம் தெரியாத காவல்காரர் கிடைத்துவிட்டார்!

பெயர்க் குழப்பம்

நம் நாட்டில் 'ஃபேண்டஸி கேம்' என்றதும் பலருக்கு நினைவு வருவது, கிரிக்கெட் வீரர்களைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டும் ஆட்டம். அது வேறு, இது வேறு. இது மாய உலகக் கதைச் சண்டை. பணம் கட்டிப் பணம் எடுக்கும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்தும், போட்டி விளையாட்டாக நடக்கும் இ-ஸ்போர்ட்சை அங்கீகரித்தும் பாராளுமன்றம் 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டில் சட்டம் நிறைவேற்றியது.

இங்கே அறைகளில் சேர்ந்து தங்கும் இளைஞர்களுக்குப் பழக்கமான களம் வேறு. 2020-ஆம் ஆண்டு செப்டம்பரில் தடை செய்யப்பட்ட பப்ஜியும், அதற்குப் பதிலாக 2021-இல் வந்த 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா'வும்தான். அங்கே மந்திரம் இல்லை; துப்பாக்கி. பதினைந்து பேருக்குப் பதில் நாலு பேர். ஆனால் நோய் ஒன்றே. ஒருவன் தனியே ஓடுவான், மூவர் திட்டுவார்கள்.

வீட்டில் உள்ளவர்கள் அறிய வேண்டியது ஒன்று உண்டு. "சாப்பிட வாடா" என்று அம்மா கூப்பிடுகிறாள். "இரும்மா, அஞ்சே நிமிஷம்" என்கிறான் பையன். அது வெறும் சாக்கு அல்ல. இந்த ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி வைக்க முடியாது. அவன் எழுந்தால் அவனை நம்பி நிற்பவர்கள் தோற்பார்கள். அதனால் சண்டை போட வேண்டிய இடம் ஆட்டத்தின் நடுப்பகுதி அல்ல. ஆட்டம் தொடங்கும் முன். "எட்டரைக்குச் சோறு. எட்டு மணிக்கு மேல் புது ஆட்டம் தொடங்கக் கூடாது" என்று முன்பே பேசி வைத்தால் சோறும் ஆறாது, மனமும் புண்படாது.

குழாயடிக் காவல்

தண்ணீர் வரும் நேரம். குழாயடியில் இருபது குடங்கள் வரிசையாக நிற்கின்றன. அறையில் தங்கும் ஐந்து பேரில் நாலு பேர் உள்ளே அரட்டை அடிக்கிறார்கள். ஒருவர் மட்டும் குடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார். யாரும் குடத்தைத் தள்ளி வைக்காமல் பார்த்துக் கொள்கிறார். அன்று தண்ணீர் கிடைத்தால் அவருக்கு நன்றி சொல்பவர் யாரும் இல்லை. கிடைக்காவிட்டால் மட்டும் அவர் பெயர் அடிபடும்.

லாயத்துக் கொடியருகே நிற்பவர் நிலையும் இதுதான். ஆட்டம் முடிந்ததும் திரையில் ஒரு பட்டியல் வரும். யார் எத்தனை பேரைக் கொன்றார், யார் எவ்வளவு அடி கொடுத்தார், யார் எவ்வளவு காயம் ஆற்றினார் என்று எல்லாம் எண்ணில் இருக்கும். எதிரியே வராத இடத்தில் இருபது நிமிடம் அசையாமல் நின்றவருக்கு நேரே பூஜ்யம் இருக்கும். அவர் நின்றதால்தான் எதிரி வரவில்லை என்பதை எந்த எண்ணும் சொல்லாது.

பண்டைத் தமிழர் இதில் விவரமானவர்கள். கோட்டையை முற்றுகையிடுபவனுக்கு உழிஞைப் பூ என்றால், உள்ளிருந்து காப்பவனுக்கு நொச்சிப் பூ என்று தனியே ஒரு பூவையே ஒதுக்கி வைத்தார்கள்.

கம்ப்யூட்டர் களத்தில் பூ இல்லை. ஆனால் நல்ல அணிகளில் ஒரு பழக்கம் உண்டு. ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே ஒருவர் முன்வந்து, "லாயத்தில் நான் நிற்கிறேன்" என்று தட்டுவார். ஆட்டம் முடிந்ததும் யாராவது ஒருவர், "லாயத்தைக் காத்தவருக்கு நன்றி" என்று ஒரு வரி தட்டுவார். அந்த ஒரு வரிக்காக அவர் அடுத்த ஆட்டத்திலும் நிற்பார்.

அவர் நிற்கும் வரை, மற்ற பதினாலு பேரும் பாலத்தில் எப்படிச் சண்டை போட்டாலும் கவலை இல்லை!